மடியின் கண்ணைச் சிறிதாக்கியது யார்?

பாக் விரிகுடாவில் மடி (கடல் தரையோடு இழுத்துப் போகும் பை போன்ற வலை, இழுவைமடி) இழுத்துத் திரும்பும் விசைப்படகு ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ வந்து கட்டியதும் முதலில் இறங்குவது இறால். அதை வாங்கும் ஆள் தயாராக நிற்பார். விலையும் பெரும்பாலும் முன்பே பேசி முடித்திருக்கும். அடுத்து கணவாய், நண்டு, நகரை, சங்கரா. கடைசியில் கூடை கூடையாக அள்ளி இறக்குவது சங்காயம். சாப்பாட்டுக்கு விற்க முடியாத, நசுங்கிய, விரல் நீளம்கூட இல்லாத மீன் எல்லாம் சேர்ந்த குவியல் அது.

மீன்பாட்டைக் கணக்கெடுப்பதும் வலைக்கண்ணை, அதாவது வலையின் ஓட்டையை, அளப்பதும் வேலையாக உள்ளவர்கள் இறாலைவிடச் சங்காயத்தைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு கூடையைத் தரையில் கொட்டிப் பரப்பினால் பாதிக்கு மேல் காரல் குஞ்சு. நடுவே நகம் அளவுக் கணவாய், ஓடு இறுகாத நண்டு, அடுத்த வருடம் நல்ல விலைக்குப் போக வேண்டிய சங்கராவின் குஞ்சு, உடைந்த சிப்பி, வேரோடு வந்த கடற்புல். சில நாள் கடல்குதிரையும் கிடக்கும். 2001-ல் அது வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. மடிக்கு அட்டவணை தெரியாது.

இந்தக் கூடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் துறைமுகத்தில் எல்லோரும் படகைக் கை காட்டுவார்கள். படகுக்காரருக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் மீன்பாட்டைப் பங்கு பிரிக்கும்போது எத்தனை பேர் கை நீட்டுகிறார்களோ, பழியைப் பிரிக்கும்போதும் அத்தனை பேரும் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களில் யாருக்கு வேறு வழியில் போகும் வசதி இருந்தது என்று பார்த்துத்தான் பங்கின் அளவைச் சொல்ல முடியும்.

முதலில் மடி வேலை செய்யும் விதம். இரண்டு பலகைகள் தண்ணீரின் எதிர்ப்பில் ஒன்றையொன்று விட்டு விலகி வலையின் வாயை அகலத் திறக்கின்றன. கீழ்க் கயிற்றில் ஈயமோ இரும்புச் சங்கிலியோ கோத்திருக்கும்; அது தரையை உரசிப் போனால்தான் சேற்றில் பதுங்கிய இறால் துள்ளி மேலே வரும். ஆக, தரையைக் கிளறுவது தற்செயலாக நடப்பதில்லை, இந்த வலையின் வேலையே அதுதான். மணிக்கு இரண்டரை கடல்மைல் வேகத்தில் மூன்று மணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வாய் அகலம் 12 மீட்டர் என்று வைத்தால் ஒரு இழுப்பில் 40 ஏக்கருக்குச் சற்று மேல். நாளுக்கு மூன்று இழுப்பு, நூறு படகு என்று பெருக்கினால் 12,000 ஏக்கர் தாண்டும். ஒரே இடத்தில் பல படகுகள் திரும்பத் திரும்ப இழுப்பதால் உண்மையான பரப்பு குறையும். ஆனால் அந்த இடத்துக்குத் தேறுவதற்கு அவகாசமே கிடைக்காது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். வெளிச்சம் தரை வரை போவதால்தான் அங்கே கடற்புல் வளர்கிறது, அதை மேயும் கடல்பசுவும் இருக்கிறது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் இந்தப் புல்வெளிகளுக்காகத்தான்.

மடியின் கடைசிப் பை, அதாவது மீன் வந்து சேரும் பகுதி, 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த 40 என்பது கண்ணை நீட்டிப் பிடித்து, ஒரு முடிச்சின் உள்விளிம்பிலிருந்து எதிர் முடிச்சின் உள்விளிம்பு வரை அளப்பது. ஒரு பக்கம் மட்டும் அளந்தால் 20 தான் வரும். துறைமுகத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் பக்கத்தையும் மற்றவர் நீட்டிய அளவையும் சொல்வதால் வருவது. அளக்கும்போது வலை நனைந்திருக்க வேண்டும். தைத்த ஓரத்தை விட்டுச் சில கண்கள் தள்ளி, நீளவாக்கில் வரிசையாக இருபது கண் அளந்து சராசரி எடுக்க வேண்டும். காய்ந்த வலையில் கைக்கு வந்த இரண்டு கண்ணை அளந்து எழுதும் அறிக்கையால் ஒரு பயனும் இல்லை.

சதுரக் கண் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண வலையில் கண் வைர வடிவில் இருக்கும். பையில் எடை ஏற ஏற அது நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் என்று காகிதத்தில் இருந்தாலும் தண்ணீருக்குள் குஞ்சு வெளியேற இடைவெளி இருக்காது. சதுரமாகத் தைத்தால் எடை நீளவாக்கு நூலில் போகும், கண் திறந்தே நிற்கும். ஆனால் நடப்பில் காண்பது என்ன? வெளியே விதிப்படி ஒரு பை, உள்ளே 15 அல்லது 20 மில்லிமீட்டர் கண்ணில் இன்னொரு பை. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பையின் அடியைப் பிரித்து உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும்.

உள்மடி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு விடை டீசல் கணக்கில் இருக்கிறது. ஒரு பயணத்துக்குச் சில நூறு லிட்டர் டீசல், ஐஸ், சாப்பாடு, ஆட்களுக்கு முன்பணம். இறால் நன்றாகப் பட்ட நாளில் இது எல்லாம் கழிந்து மிஞ்சும். படாத நாளில் டீசல் காசைத் தேற்றித் தருவது சங்காயம்தான். இறால் குறையக் குறைய, கழிவு என்று கருதப்பட்டதே படகின் செலவைத் தாங்கும் வருமானமாக மாறியது. மடியின் கண்ணைப் பெரிதாக்கச் சொல்வது இன்று படகுக்காரரிடம் அந்த வருமானத்தை விடச் சொல்வது. தனி ஒருவர் அதைச் செய்தால் அவர் விட்ட குஞ்சைப் பின்னால் வரும் படகு அள்ளிப் போகும். அவர் நஷ்டப்படுவார், கடலுக்கும் லாபமில்லை.

அவருக்கு மேல் இருப்பவர் முன்பணம் கொடுத்த வியாபாரி. இன்ஜின் பழுதாக இருந்தாலும் புது வலை வாங்குவதாக இருந்தாலும் கடன் அவரிடம்தான். வட்டி கேட்க மாட்டார். அதற்குப் பதில் இறாலை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. கடன் முடியும் வரை படகைக் கட்டிப்போடவும் முடியாது, தொழிலை மாற்றவும் முடியாது. எந்த மடி போட வேண்டும் என்று அந்த வியாபாரி ஒருபோதும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அபராதம் வரும்போது அவர் பெயர் எந்த ரசீதிலும் இருக்காது.

படகில் வேலை செய்பவர்களின் பங்கு மிகச் சிறியது. டிரைவருக்கு எங்கே இழுப்பது என்பதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. சில துறைகளில் சங்காயம் விற்ற காசை வேலையாட்களுக்கே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. பார்க்கப் பெருந்தன்மை மாதிரி தெரியும். உண்மையில் கூலியின் ஒரு பகுதியைக் குஞ்சு மீனின் தலையில் கட்டிவிடுகிறது அது. அப்படிப்பட்ட ஆளிடம் போய்க் குஞ்சு மீன் பாதுகாப்புப் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சங்காயம் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் பொறுப்பு கரையேறி உள்நாட்டுக்குள் போகும். கரையில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். நாலு கிலோவுக்கு மேல் பச்சை மீன் காய்ந்துதான் ஒரு கிலோ கருவாடு தேறும். லாரியில் ஏறுவது ஒரு டன் என்றால் கடலை விட்டு வந்தது நாலு டன்னுக்கு மேல். அது கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. மீன்தூள் திரும்ப, வனாமி என்ற வளர்ப்பு இறாலின் பண்ணைத் தீவனத்துக்குள் வருகிறது. கடலில் இறால் பிடிக்காமல் குளத்தில் வளர்த்தால் கடல் பிழைக்கும் என்று சொல்பவர்கள் அந்தத் தீவன மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எந்த அளவு மீனை வாங்கினோம், எந்தத் துறையில் வாங்கினோம் என்று தீவன ஆலையை யாரும் கேட்பதில்லை. கேரளம் 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது நல்ல தொடக்கம். அந்த அளவுகோல் எடைமேடை வரை வந்தால், சின்னக் கண்ணுக்குத் தேவை தானாகக் குறையும்.

எல்லோரையும்விடப் பெரிய பங்கு அரசுக்கு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இழுவைமடி இந்தக் கரையில் தானாக முளைக்கவில்லை. 1952-ல் கையெழுத்தான இந்திய நார்வேத் திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் தொடங்கியது. உள்ளூர் மக்களின் உணவையும் வருமானத்தையும் பெருக்குவது நோக்கம். ஆனால் உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்ததும் திட்டத்தின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அறுபதுகளில் மண்டபத்துக்கும் அது வந்தது. அதன் பிறகு மானியமும் கடனும் கொடுத்து விசைப்படகை வாங்கச் சொன்னதும் அரசு. டாலர் வருகிறது என்று பாராட்டியதும் அரசு. நாட்டுப்படகுக்காரர்கள் வலை அறுந்து, மோதல் முற்றி, உயிர்கள் போன பிறகு 1983-ல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின்கீழ் இன்று கரையிலிருந்து 5 கடல்மைல் வரை இழுவைமடிக்கு அனுமதி இல்லை. எதிர்ப்பக்கம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1974-ல் வரைந்த கடல் எல்லைக்கோடு. ராமேசுவரத்துக்கு எதிரே இரண்டுக்கும் நடுவே எஞ்சுவது சில கடல்மைல் பட்டை. அதிலும் பாறை கிடக்கும் இடத்தில் மடி இழுக்க முடியாது. அங்கே நூற்றுக்கணக்கான படகுகளுக்குப் பதிவு எண்ணும், வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போக டோக்கனும், வரி நீக்கிய டீசலும் கொடுக்கிறோம். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அந்த டீசல் 2023-ல் 19,000 ஆனது. எண்ணிக்கை பட்டைக்குள் அடங்காது என்பது பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். டோக்கன் கிழித்துக் கொடுக்கும்போதே மீறலுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

மீறல் போய் விழும் இடம் வடக்கு இலங்கை. மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் செவுள் வலை போடும் தமிழ் மீனவர்கள் போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடைபட்டுக் கிடந்தார்கள். 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டால், இரவோடு இரவாக இழுவைமடி அதை அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் இழுவைமடியைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை ஏற்றார்கள். கைது, படகு பறிமுதல் செய்திகளில் நம் மீனவர்களின் துன்பம் பேசப்படுகிறது, பேசப்படவும் வேண்டும். அதே மொழி பேசும் அந்தக் கரைக்காரரின் அறுந்த வலைக்கு இழப்பீடு யார் தருவது என்று இங்கே கேட்பவர்கள் மிகக் குறைவு.

மாற்று வழி என்று 2017-ல் தொடங்கியது ஆழ்கடல் திட்டம். இழுவைமடிப் படகை ஒப்படைத்தால் சூரைக்கான தூண்டில் படகு. விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. 2,000 படகு மாற்றுவது இலக்கு. அதில் சிறு பகுதிதான் நிறைவேறியது. 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் கடன், அதன் மேல் பல நாள் பயணத்துக்கான செலவு. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவருக்கு ஆயிரக்கணக்கான தூண்டில் கோத்த கயிறும், வாரக்கணக்கில் மீனைக் கெடாமல் வைப்பதும் புதுத் தொழில். பழைய வியாபாரியின் முன்பணம் தீராமல் பழைய படகை ஒப்படைக்கவும் முடியாது. அந்தக் கடனைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் கணிப்பு.

பொறுப்பை வாங்குபவர் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆமை ஒரு சான்று. மடியில் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். மூன்று மணி நேர இழுப்பில் அது பிழைக்க வழியில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மடியில் கம்பிச்சட்டம் பொருத்தினால் ஆமை வெளியேறிவிடும். கொச்சி மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் அதை எப்போதோ வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. மீன் நழுவும் என்று யாரும் பொருத்தவில்லை. அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்க மறுத்த பிறகுதான் கடல்பொருள் ஏற்றுமதி வாரியமும் மீன்வளத் துறைகளும் அந்தக் கம்பிச்சட்டத்தைக் கையிலெடுத்துத் துறைமுகம் துறைமுகமாகப் போயின.

நம் கையிலேயே உள்ள ஒரு வாய்ப்பு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் அதிகாரிகள் படகு படகாக ஏறிப் பதிவு எண், 240 குதிரைத்திறன் வரம்பு, உயிர்காப்பு மிதவை எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். பத்தடி தள்ளிக் கொட்டகையில் புது மடி தைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. 15 மில்லிமீட்டர் கண் வலைத்துணி கடையில் கிலோக் கணக்கில் பகிரங்கமாக விற்கிறது. அதை நெய்த ஆலையின் சீட்டு மூட்டையிலேயே இருக்கும். கொட்டகையில் மடியை அளந்து முத்திரை போடுவது, கடையின் விற்பனைப் புத்தகத்தைப் பார்ப்பது, இழுவைமடிக்கு என்று சின்னக் கண் விற்றவரிடமும் அபராதம் வாங்குவது, ஜூன் 15 காலையில் முத்திரை இல்லாத மடிக்கு டோக்கன் மறுப்பது என நாலு வேலை. அளவுகோலும் ஆட்களும் ஏற்கெனவே துறைமுகத்தில் இருக்கிறார்கள். மே மாதத்து ஆய்வு உத்தரவில் கொட்டகையையும் வலைக்கடையையும் சேர்த்தால் போதும்.