ஸ்னூக்கர் சொல்லித் தந்த சார்

நம் ஊட்டிப் பள்ளியின் ஆங்கில சார் தவறிய செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, இங்கே இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் உலக ஸ்னூக்கர் (மேஜையில் கோலால் பந்தை அடிக்கும் ஆட்டம்) போட்டி நடந்துகொண்டிருந்தது. 1977 முதல் ஆண்டுதோறும் குரூசிபிள் அரங்கில்தான் நடக்கிறது. ஆபீஸில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு சார் நினைவுதான்.

நான் ஏழாம் வகுப்பில், வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தவன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த எனக்கு அப்போது ஸ்வெட்டர் கிடையாது. எழுந்து வாசிக்கச் சொன்னதும் பல் தந்தியடித்தது; வகுப்பே சிரித்தது. அந்தக் கூச்சம் இன்னும் உடம்பில் இருக்கிறது. சார் யாரையும் அதட்டவில்லை. பலகையில் ‘ஸ்னூக்கர்’ என்று எழுதினார்.

இங்கிலாந்தில் வூலிச் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவனை அப்படித்தான் அழைப்பார்களாம். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பிற்பாடு பிரதமரானவர் வேறு) பில்லியர்ட்ஸ் மேஜையில் புது ஆட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். கூட ஆடியவர் சுலபமான பந்தைக் கோட்டைவிட, “சரியான ஸ்னூக்கர்!” என்று வாய்விட்டார். அப்புறம், இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தானே என்று சமாதானம் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1938-ல் அவரே பத்திரிகைக்கு எழுதிய விவரம் இது.

“1880-களில் அதுக்கு விதி எழுதி மாட்டினது நம்ம ஊட்டி கிளப்லதாண்டா. புதுசா வந்தவனப் பார்த்துச் சிரிக்கலாமா?” என்றார் சார்.

பிறகு வெள்ளைச் சாக்பீஸால் ஒரு பந்து, சிவப்பால் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மறைத்துக்கொண்டு பச்சையில் ஒன்று. வெள்ளையால் சிவப்பை நேராக அடிக்க வழியில்லையா, நீ ‘ஸ்னூக்கர்ட்’. மேஜை ஓரத்தில் மோதித் திரும்பும்படி அடிக்கணும் என்று கோட்டை வளைத்துக் காட்டினார். கைவிரலெல்லாம் பச்சைப் பொடி. இங்கே வேலை முட்டிக்கொண்டு நின்றாலே அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்களுக்குத் தெரியும், அங்கே அது ஏமாற்றப்பட்டதற்கும் ஆகும்.

ரிட்டயர் ஆன பிறகு சார் ஊட்டி பக்கத்து லவ்டேலிலிருந்து எழுதினார்: “ஒரு தடவை வந்துட்டுப் போடா.” வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, விடுமுறைக்கு வந்தாலும் கோயம்புத்தூரோடு திரும்பிவிடுவோம். இந்த ஊர் சோறு போட்டது, குறையில்லை. ஆனாலும் அவர் இருக்கும்போது மலை ஏறியிருக்கலாம்.

சொற்களின் கதைகளை அவர் எழுதிவைத்த நோட்டுகள் வீட்டில்தான் இருக்கும். ஊட்டியில் இருப்பவர்கள் அவர் மகளிடம் கேட்டு வாங்கி, நம் நூலகத்தில் வைக்க முடியுமா? பைண்டிங் செலவை நான் ஏற்கிறேன்.