திரையில் வண்ணக் கட்டங்கள், பிறகு ஹேங்: ஒரு டெஸ்க்டாப்பின் கோளாறைப் பிரித்தறிந்த விதம்

குறை இதுதான். கேம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் சிதறும். அடுத்த சில நொடியில் படம் உறைந்துவிடும், ஸ்பீக்கரில் கடைசிச் சத்தம் மட்டும் 'ட்ர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. ரைசன் 5 5600 ப்ராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ராம், 8 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி கொண்ட கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). கார்டுக்கு வாரன்டி முடிந்துவிட்டது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் குறை போகவில்லை.

இப்படி ஒரு சிஸ்டம் கையில் வந்தால் பலர் நேராக டிரைவரில் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) கைவைக்கிறார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு பாகத்தை வாங்கி மாட்டிப் பார்க்கிறார்கள். படம் எந்த இடத்தில் கெடுகிறது என்பது தெரியாமல் இரண்டையும் செய்யக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

கட்டங்கள் தெரியும்போதே மானிட்டரின் பட்டனை அழுத்தி பிரைட்னஸ் மெனுவைத் திறக்க வேண்டும். அந்த மெனுவை வரைவது மானிட்டர்தான். கம்ப்யூட்டருக்கு அதில் பங்கில்லை. மெனுவிலும் கோடு ஓடினால் மானிட்டர் பேனலில் கோளாறு. மெனு சுத்தமாக இருந்து பின்னணி மட்டும் கெட்டிருந்தால், மானிட்டருக்குள் வரும் சிக்னலே கெட்டு வருகிறது. அடுத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பிப் பார்ப்பது. மொபைலில் படம் நன்றாகத் தெரிந்தால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகிக்கலாம். அங்கேயும் கட்டங்கள் பதிவாகியிருந்தால், கார்டின் மெமரியிலோ, கணக்குப் போடும் இடத்திலோ, டிரைவரிலோ படம் கெட்டுவிட்டது; கேபிள் மாற்றிப் பயனில்லை. இந்த மெஷினில் மெனு சுத்தம், ஸ்க்ரீன்ஷாட்டில் கட்டங்கள் அப்படியே இருந்தன.

மூன்றாவது சோதனையைக் கார்டு சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். உறைந்தவுடன் ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால், அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸ் டிரைவரும் இல்லை. பயாஸ் திரையிலேயே புள்ளிகள் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. இங்கே முதல் சில நொடிகள் பயாஸின் லோகோ மேல் புள்ளிகள் தெரிந்து, பிறகு மறைந்தன. வன்பொருள்தான் என்பதற்கு அதுவே வலுவான சாட்சி.

ஹேங் எந்த வகை என்பதையும் பார்த்துவிடலாம். உறைந்த நேரத்தில் கீபோர்டின் நம் லாக் (Num Lock) விசையை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் நின்றிருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாக ஏறும். ஒரு பீப் சத்தத்தோடு திரை மின்னித் திரும்பும். விளக்கே மாறாவிட்டால் சிஸ்டம் முழுதாக நின்றுவிட்டது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. டிஸ்ப்ளே 4101 என்ற பதிவு பயனுள்ளது. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்தது என்று அதற்குப் பொருள். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 8, 10 என்று கூட்டச் சொல்லும் ஆலோசனை நிறைய உலவுகிறது. காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஹேங் ஆகும் நேரம்தான் நீளும். வேண்டாம்.

டிரைவரை முழுதாக ஒதுக்கிவிட, சேஃப் மோடில் டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். அந்த நேரம் இன்டர்நெட் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை இறக்கிப் போட்டுக்கொள்ளும், சோதனை கெட்டுவிடும். பலன் இல்லை, எதிர்பார்த்ததுதான்.

ராம் கெட்டால் பெரும்பாலும் புரோகிராம்கள் காரணமின்றி மூடும், நீலத்திரை ஒவ்வொரு முறை ஒவ்வொரு குறியீட்டோடு வரும். வண்ணக் கட்டங்கள் மட்டும் வருவது அரிது. இருந்தாலும் ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ இரவு முழுக்க ஓடவிட்டோம். இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. இங்கே ஒன்றும் வரவில்லை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அவற்றில் சில, அதிக வோல்டேஜால் நாளடைவில் தேய்ந்து, கேமில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பிழையைக் காட்டும். படித்தால் கார்டின் குறை போலத் தோன்றும், குற்றவாளி ப்ராசசர். இன்டெல் 2024 ஆகஸ்டில் 0x129 மைக்ரோகோடை (பயாஸ் அப்டேட்டோடு வரும் ப்ராசசருக்கான திருத்தம்) வெளியிட்டு, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டியது. பயாஸ் அப்டேட் செய்யாதவர்கள் உடனே செய்ய வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த ப்ராசசரை அது குணமாக்காது.

எஸ்எம்பிஎஸ் பக்கம் வருவோம். ஸ்லாட் வழியாக 75 வாட், 8 பின் கேபிள் வழியாக 150 வாட், 6 பின் வழியாக 75 வாட் என்பது கார்டுக்கான கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் இரட்டைத் தலை இருந்தாலும் தனித்தனியாக இரண்டு கேபிள் கொடுப்பதே சரி. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12.1 காட்டியது. ஆனால் மில்லிசெகண்டில் விழுந்து எழும் வோல்டேஜை மல்டிமீட்டர் பிடிக்காது. வேறு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை. மாட்டினோம், அதே கட்டங்கள். பொதுவாக எஸ்எம்பிஎஸ் தள்ளாடினால் சிஸ்டம் சட்டென்று அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும்.

5600 ப்ராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் பெயர் எஃப் என்று முடிபவையும் அப்படித்தான். அதனால் பழைய கார்டு ஒன்றை மாட்டினோம். மணிக்கணக்கில் ஓடியும் ஒரு புள்ளிகூட வரவில்லை. ஆக, கார்டுதான்.

கார்டு என்று தெரிந்தால் போதாது, கார்டில் எது என்று தெரிய வேண்டும். ஓசிசிடி (OCCT) என்ற சோதனை மென்பொருளில் விரேம் (கார்டின் மெமரி) சோதனையை ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் (HWiNFO) திறந்து வைத்தோம். சோதனை தொடங்கியபோது பிழை பூஜ்யம். கார்டு சூடேறச் சூடேறப் பிழைகள் ஒவ்வொன்றாக வந்து, பிறகு குவிந்தன. அப்போது கார்டின் முக்கிய சிப்பான கோர் 74 டிகிரி, அதில் மிகச் சூடான இடமான ஹாட் ஸ்பாட் 103. இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 29 என்றால் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒதுங்கிவிட்டது. கோர் வெப்பநிலையை மட்டும் பார்த்து 'சூடு இல்லையே' என்று முடிவு செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். மெமரி சிப்புகளின் வெப்பநிலையை இந்தக் கார்டு காட்டாது, அதனால் சுற்றுவழி: கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரி வேகத்தை 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்ததும் பிழைகள் பெருமளவு அடங்கின. கோர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது அப்படி அடங்கவில்லை. மெமரிதான் சூட்டில் தடுமாறுகிறது.

பிரிக்கும் முன் சுவிட்சை அணைத்து, கேபிளை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிக்க வேண்டும். கார்டைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பிரித்தால் பேஸ்ட் இளகி ஹீட்சிங்க் எளிதாக விடும். குளிர்ந்திருக்கும்போது நெம்பினால் சிப் ஓரம் உடையும் ஆபத்து உண்டு. ஃபேன் ஒயர்கள் உள்ளே குட்டிக் கனெக்டரில் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரை நகத்தால் தள்ள வேண்டும்.

திறந்தபோது பேஸ்ட் சிப்பின் நடுவில் ஏறக்குறைய இல்லை, எல்லாம் விளிம்பில் காய்ந்த வளையமாக இருந்தது. மெமரி மேலிருந்த தெர்மல் பேட்கள் (சூட்டைக் கடத்தும் மெத்துத் துண்டுகள்) எண்ணெய் கசிந்து, விரலில் அப்பளம் போல நொறுங்கின. இரண்டில் ஹீட்சிங்கின் தடமே பதியவில்லை.

புதிய பேட் வாங்கும்போது தடிமன்தான் உயிர். ஒரே கார்டில் 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று இடத்துக்கு இடம் மாறும். பழைய பேடின் நசுங்காத ஓரத்தை வெர்னியர் கேலிப்பரில் அளந்தால் சரியாக வரும். நசுங்கிய நடுப்பகுதியை அளந்தால் மெலிதாக வாங்கிவிடுவோம். தடிமனாகப் போனாலும் கெடுதல்: ஹீட்சிங்க் பேட் மேலேயே நின்றுவிடும், நடுவில் உள்ள பெரிய சிப்பைத் தொடாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் எல்லாவற்றையும் துடைத்து, சிப் முழுவதும் மெல்லிசாகப் பேஸ்ட் பரப்பி, நடுவிலுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். கார்டின் தங்கநிறக் காலைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் தேய்ப்பது வழக்கம். தேய்த்தால் துகள் ஸ்லாட்டுக்குள் போகாமல் துடைத்துவிட வேண்டும்.

திரும்ப மாட்டி மெமரி வேகத்தைப் பழைய அளவுக்கே வைத்துச் சோதித்தபோது ஹாட் ஸ்பாட் 82ஐத் தாண்டவில்லை, கோருக்கும் அதற்கும் 12 டிகிரிதான் வித்தியாசம். விரேம் சோதனையில் பிழை இல்லை, கேமில் கட்டங்களும் இல்லை.

இதற்குப் பிறகும் பிழை வந்திருந்தால் மெமரி சிப்போ அதன் சால்டரோ போய்விட்டது என்று பொருள். சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களிடம்தான் போக வேண்டும். எந்தச் சிப் கெட்டது என்று சோதித்துச் சொல்லி, அதை மட்டும் மாற்றித் தருபவராக இருந்தால் கொடுக்கலாம். ஹீட் கன்னால் சூடு காட்டித் தருகிறேன் என்றால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது. ஓவனில் வைத்துச் சுடுவதும் அதே கதைதான்: கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதே கட்டங்கள் வரும். அதற்குள் நல்ல பாகங்களும் சூட்டில் அடிபட்டிருக்கும்.