ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பதற்கு முன்

லாட்ஜ் அறை, வாடகை வீடு, கேஸ் இணைப்பு என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஆதார் ஜெராக்ஸை நீட்டிவிடுகிறோம். ஆதார் வழியாக வங்கிப் பணம் எடுக்க ஏடிஎம் கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வங்கியின் பெயர், 12 இலக்க எண், விரல் ரேகை இருந்தால் போதும். பதிவான நிலப் பத்திரங்களிலிருந்து ரேகையைப் படியெடுத்து, போலி விரல் செய்து பணத்தைச் சுருட்டிய வழக்குகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. அதனால்தான் எண்ணையும் மறைக்க வேண்டும், ரேகையையும் பூட்ட வேண்டும்.

எண்ணை மறைக்க மாஸ்க்டு ஆதார் இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து, டவுன்லோட் செய்யும்போது மாஸ்க்டு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும். பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல், ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் 4 எழுத்து, எல்லாம் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு. நம் ஊரில் பலர் தடுமாறுவது இனிஷியலில்தான். பெயர் இனிஷியலில் தொடங்கினால் அதற்குப் பின் உள்ள புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு.

மாஸ்க்டு பிரதியிலும் முகவரி, பிறந்த தேதி, படம் அப்படியே இருக்கும். ஆகவே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதைப் படத்தின் ஓரத்தைத் தொட்டபடி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரமாக வெள்ளை இடத்தில் எழுதினால் அதை மறைத்துவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

பிரவுசிங் சென்டரில் நடக்கும் கசிவு பெரும்பாலும் கவனக்குறைவு. கடைக்காரர் வாட்ஸ்அப்புக்குக் கோப்பை அனுப்பினால், அது அவர் கணினியின் டவுன்லோட்ஸில் தங்கிவிடும். நீங்கள் பிறகு உங்கள் பக்கம் அழித்தாலும் அந்தப் பிரதி போகாது. பிரிண்ட் வந்ததும் அங்கேயே நின்று, ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி நீக்கச் சொல்லுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். மங்கலாக விழுந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். கடலை மடிக்கப் போகும் காகிதம் அது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் ஒரிஜினல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேகையைப் பூட்டுவது அதே மைஆதார் தளத்தில், பயோமெட்ரிக் லாக். பூட்டிய பிறகும் ஓடிபி வழிச் சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும். சிக்கல் ரேஷன் கடையில் வரும்: இயந்திரம் ரேகையை ஏற்காது, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள். 330 என்ற பிழை எண் வந்தால் பூட்டுதான் காரணம். போனிலேயே தற்காலிகமாகத் திறந்துவிட்டு விரலை வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை அதே தளத்தில் ஆதென்டிகேஷன் ஹிஸ்டரியைத் திறந்து, உங்கள் ஆதார் எந்தெந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று பாருங்கள். தெரியாத பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே, அன்றைக்கே சொல்ல வேண்டும்.