கில்பெக்: ஒரு சிற்றூரின் கல் விலங்குகள்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரிலிருந்து கில்பெக் ஏறத்தாழ 9 மைல்தான். அந்தத் தூரத்துக்கு, அதுவும் போவதற்கு மட்டும், வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் 40 பவுண்டு வாங்கியது அநியாயம் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாதலால் எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை; அதை நன்றாக அறிந்திருந்த அவர், ஏறும்போது ஒரு தொகையும் இறங்கும்போது வேறொரு தொகையும் சொன்னார். சிக்கனமாகப் பயணம் செய்கிறவர்கள் வார நாளில் அபெர்கவெனி நெடுஞ்சாலைப் பேருந்தில் போய், கில்பெக் பிரிவில் இறங்கி நடந்துவிடுவது நல்லது. செலவுக் கணக்கைத் தொடர்ந்து எழுதத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் புனித மரியாள், புனித டேவிட் தேவாலயத்தின் தெற்கு வாயில் என்னை வேறெதையும் எழுதவிடவில்லை.

அந்த வாயிலில் வெறுமையாக விடப்பட்ட இடமே இல்லை. தூண்களில் கொடிகள் பின்னிக்கொண்டு ஏற, அவற்றின் நடுவே ஒல்லியான இரண்டு போர்வீரர்கள் ஒருவர்மேல் ஒருவராக நிற்கிறார்கள். அவர்கள் அணிந்திருக்கும் காற்சட்டையின் மடிப்புகளைக்கூட விரலால் தொட்டு எண்ணலாம். ஒரு தூணின் தலையில் இருக்கும் மனித முகத்தின் வாயிலிருந்து இலைக்கொடி புறப்படுகிறது. மேலே வளைவில் பறவைகளும் வாலைக் கடிக்கும் பாம்புகளும், அவற்றுக்குக் கீழே அரைவட்டக் கல்லில் ஒரு பெரிய கொடிமரமும் உள்ளன. இவை 1140ஆம் ஆண்டு வாக்கில் செதுக்கப்பட்டவை. செதுக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. இப்பகுதியில் வேலை செய்த சிற்பிகளை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ‘ஹெரிஃபோர்டுஷயர் மரபினர்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

கூரைக்கடியில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்கள் இன்னும் அதிசயமானவை. இன்று எஞ்சியிருப்பவை 85. 1842இல் ஓவியர் ஜி. ஆர். லூயிஸ் பதிவு செய்ததைவிட 6 குறைவு. ஒரு கல்லில் நாயும் முயலும் அருகருகே முகம் காட்டுகின்றன. நாயின் வட்டக் கண்ணும் தொங்கும் காதும் இன்றைய கேலிச்சித்திரக்காரர் வரைந்தவை போல் இருக்கின்றன. இன்னொன்றில் ஒருவர் நரம்பிசைக் கருவி வாசிக்கிறார். தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் புகழ்பெற்ற ‘ஷீலா நா கிக்’ உருவமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. தீமையை விரட்டவா, காமத்தைக் கண்டிக்கவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வழிபாட்டுத் தலத்தில் அவள் இத்தனை நூற்றாண்டு பத்திரமாக இருந்ததே எனக்குப் பெரிய செய்தி. மேற்குச் சுவரிலோ டிராகன் தலைகள் வாயைப் பிளந்து நாக்கைச் சுருட்டிக்கொண்டு நீள்கின்றன.

உள்ளே பலிபீடத்துக்கு முன்னுள்ள வளைவின் இருபுறமும், ஒருவர்மேல் ஒருவராக மும்மூன்று புனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் சாவி. பலரும் வாயிலோடு திரும்பிவிடுவதால் இவர்களைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

சிற்பங்கள் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு உள்ளூர்ச் செம்மணற்கல்லின் உறுதி முக்கியக் காரணம். ஆயினும் கல் மட்டும் போதாது. இதே மரபினர் செதுக்கிய ஷாப்டன் தேவாலயத்தை 1750களில் இடித்து, அதன் வளைவுகளைப் பூங்கா அலங்காரமாகத் திறந்தவெளியில் நட்டுவைத்தார்கள். அவை மழையிலும் பனியிலும் தேய்ந்து உருவிழந்துவிட்டன. செல்வர்களின் ரசனை இழைத்த பெருங்கேடு அது என்றே சொல்வேன்.

தேவாலயத்துக்கு மேற்கே, புல் மூடிய செயற்கை மேட்டின்மேல் கோட்டைச் சுவரின் துண்டுகள் நிற்கின்றன. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின்படி, இவ்வூர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் வசம் இருந்தது. தேவாலயத்தைக் கட்டியவராகக் கருதப்படும் ஹியூவும் அவர் குடும்பத்தவரே. ஜான் மன்னர் இக்கோட்டையில் வந்து தங்கியிருக்கிறார். அருகிலுள்ள வயலில் காணும் மேடுபள்ளங்கள், மக்கள் கைவிட்டுப் போன இடைக்கால ஊரின் அடையாளங்கள்.

தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பராமரிப்புக்கு இயன்றதைக் காணிக்கையாகக் கொடுங்கள். கையில் தொலைநோக்கி இருந்தால் தாங்குகற்களுக்கு உதவும். அரைவட்டமான கிழக்குப் பகுதியில் காலை வெயில் படும்போது தொடங்கி, தெற்கு வாயிலுக்கு நண்பகலில் வாருங்கள். மழை பெய்திருந்தால் கோட்டை மேட்டின் சரிவு வழுக்கும்; அந்த நேரத்தையும் தாங்குகற்களுக்கே கொடுத்துவிடலாம்.