புடாபெஸ்ட்: ஐம்பது யூரோ கேட்ட டாக்ஸியும் இரண்டாம் எண் டிராமும்

வியன்னாவிலிருந்து ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டுக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரம் என்றார்கள். கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதம், காரணம் சொல்ல ஆள் இல்லை. ஏறினால் ஏசி ஓடவில்லை, கழிப்பறையும் பூட்டிக் கிடக்கிறது. ஜூலை வெயில், திறக்க முடியாத ஜன்னல்கள், பின்சீட்டில் அழுதுகொண்டே வந்த கைக்குழந்தை. இந்தத் தடத்தில் முன்கூட்டியே வாங்கினால் ரயில் சீட்டும் மலிவாகக் கிடைக்கிறது. ரயிலிலேயே போங்கள்.

நேப்லிகெட் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது இரவாகிவிட்டது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் வந்து, "டாக்ஸி?" என்றார். நகர மையத்துக்கு ஐம்பது யூரோவாம்! தூரம் ஐந்து கிலோமீட்டர் வராது. புடாபெஸ்டில் டாக்ஸி என்றால் மஞ்சள் நிறம், மீட்டர், நிர்ணயித்த கட்டணம். 2013 முதல் அதுதான் விதி. இவர் காட்டியது வெள்ளைக் கார். என் மனைவி வேண்டாம் என்றதும் நாற்பது, முப்பத்தைந்து என்று இறங்கி வந்தார். களைத்துப்போய் ஊர் தெரியாமல் நிற்பவர்களாகப் பார்த்து மடக்குகிறார்கள், அதுதான் ஆத்திரம். மெட்ரோ மூன்றாம் தடத்தின் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒன்றரை யூரோகூட ஆகவில்லை. காகிதச் சீட்டு எடுத்தால் எஸ்கலேட்டரில் ஏறுவதற்கு முன்பே இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள். பரிசோதகர்கள் அங்கேயே நிற்பார்கள், முத்திரை இல்லையென்றால் அபராதம்.

செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். அது கிடக்கட்டும், முதலில் இரண்டாம் எண் டிராம். டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையை, அதாவது பெஸ்ட் பக்கத்தை, ஒட்டி ஓடுகிறது. மார்கரெட் பாலத்தருகே ஏறி, தெற்கே போகும் வண்டியில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நாடாளுமன்றம், 1849-இல் திறந்த சங்கிலிப் பாலம், எதிர்க்கரைக் குன்றில் அரண்மனை, எல்லாம் சாதாரண டிராம் சீட்டுக்கே. பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் போனோம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த வண்டியிலேயே திரும்பவும் ஏறிக்கொண்டோம். இதைப் பார்த்த பிறகு ஆற்றுப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே டிராம் பெரிய சந்தைக்கும் போகிறது. 1897-இல் கட்டிய கூடம். நாங்கள் தேடிப் போனது லாங்கோஷ். மாவை அகலமாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, பூண்டு தடவி, மேலே புளித்த கிரீமும் துருவிய சீஸும் போடுகிறார்கள். சுடச்சுடச் சாப்பிட்டால் சோளே பட்டூராவின் பட்டூரா ஞாபகம் வரும். ஒன்று சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. குலாஷ் மாட்டிறைச்சிச் சூப், அதனால் சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் லாங்கோஷ்தான் துணை.

பணம் எடுக்கும்போது ஒரு விஷயம். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம்கள் ரூபாயிலேயே கழித்துக்கொள்ளவா என்று கேட்கும். மறுத்துவிட்டு ஹங்கேரி நாணயமான ஃபோரின்டிலேயே எடுங்கள். ரூபாயில் கழிக்கவிட்டால் போகும் காசு அநியாயம்.

அப்புறம் செசெனி வெந்நீர்க் குளியல். அங்கே போக மெட்ரோ முதல் தடம். 1896-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். சில படிகள் இறங்கினாலே நடைமேடை, ஓடு பதித்த சுவர்கள், குட்டி மஞ்சள் பெட்டிகள். குளியலின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. கட்டணம் பத்தாயிரம் ஃபோரின்டுக்கு மேல், நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. கவுண்டரில் மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது உண்மை. ஆனால் 1913-இல் கட்டிய மஞ்சள் மாளிகைக்கு நடுவே, திறந்த வானத்தின் கீழ், கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி பெரியவர்கள் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்தபோது கொடுத்த காசு சரிதான் என்று தோன்றிவிட்டது. மதியம் வரை நாங்கள் வெளியே வரவே இல்லை.

வார நாளில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். துண்டும் செருப்பும் கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சம். நீச்சல் அடிக்கும் குளத்தில் இறங்கத் தலைக்கு உறை கட்டாயம், அதையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.