ஜி.ஜி.யும் மாமாவும் நானும்

எங்கள் வீட்டில் அரசியல் சண்டை என்றால் அது பெரும்பாலும் 1948 பற்றித்தான், இலங்கையில் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன வருடம். 1983, 2009 பற்றிக் கதைக்கும்போது குரல் உயர்வதில்லை, எல்லாரும் ஒரே பக்கம். 1948 என்று வந்தால் மாமா ஒரு பக்கம், நான் மறு பக்கம், மாமி குசினியில்.

மாமா பரந்தன் கெமிக்கல்ஸில் வேலை செய்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை. போரோடு மூடியதுதான், பிறகு திறக்கவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இப்போதும் எட்டிப் பார்ப்பார். மாமாவின் சம்பளம், இந்த வளவு, என் கணவரின் படிப்பு எல்லாம் அந்தத் தொழிற்சாலையால் வந்தவை. அதைக் கொண்டு வந்தவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம். கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது காங்கேசன்துறைக்குச் சீமெந்து, வாழைச்சேனைக்குக் கடதாசி, பரந்தனுக்கு இரசாயனம் என்று மாமா விரல் விட்டு எண்ணுவார். "அந்த மனிசன் இல்லாட்டி நான் ஆற்றையோ வயலுக்க நிண்டிருப்பன் பிள்ளை."

ஆற்றையோ வயலுக்குள் நின்றவர் என் அப்பா. மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977 கலவரத்தோடு வவுனியாவுக்கு வந்து, பிறகு கிளிநொச்சிக்கு வந்தார். இங்கே மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போய்க் கேட்டால் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வேறு ஆட்களுக்கு. எங்கள் ஆட்களுக்கு மேட்டுக்காணி, அதற்கும் பலருக்குப் பெர்மிட் கிடையாது. தாத்தா பிரஜாவுரிமை இல்லாமலே செத்தவர். ஆகவே ஜி.ஜி.யின் பெயர் எங்கள் வீட்டில் வேறு மாதிரித்தான் உச்சரிக்கப்பட்டது. சித்தப்பா சொல்வதை இங்கே எழுத முடியாது.

ஆனால் சண்டை பிடிப்பதென்றால் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். சட்டம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். 1948 ஓகஸ்ட் 20 பாராளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 15 நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனுடைய தகப்பனும் அவருடைய தகப்பனும். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கே ஒழுங்கான பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில் பூட்டனுக்கு எங்கே போவது? இந்தச் சட்டத்தை ஜி.ஜி. எதிர்த்து வாக்களித்தார். சித்தப்பா இதை ஏற்கவே மாட்டார். "அவருதான் கையைத் தூக்குனாரு" என்பார். ஓகஸ்டில் தூக்கவில்லை, சித்தப்பா.

செப்டெம்பரில் ஜி.ஜி. டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பர் 10, இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. அதற்கு ஆதரவாக வாக்களித்தார். அந்த நாலு மாதத்தில் தோட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியது அவருடைய கதிரை.

மாமாவுக்கு இந்த இடத்தில் தயாராக ஒரு பதில் உண்டு. "ரெண்டாவது பறிச்ச சட்டமில்லை பிள்ளை, குடுக்கிற சட்டம். விண்ணப்பிச்சு எடுக்கலாம் எண்டுதானே வந்தது? உங்கட இலங்கை இந்தியன் காங்கிரஸ்தான் முதல்ல பகிஷ்கரிச்சது." தோட்டத் தொழிலாளரின் கட்சியான அந்தக் காங்கிரஸ் பகிஷ்கரித்தது உண்மை. அதனால் விண்ணப்பங்கள் கடைசி நேரத்தில் குவிந்ததும் உண்மை. எங்கள் ஆட்கள் மேடையில் இதைச் சொல்வதில்லை. ஆனால் குடுக்கிற சட்டம் என்னத்தைக் கொடுத்தது? 1946 ஜனவரி 1க்கு முன் கலியாணம் முடித்தவர் ஏழு வருடமும், முடிக்காதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகள் இருந்ததற்கும் காட்ட வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்காக விண்ணப்பித்தார்கள். 1964 வரையில் கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு. பாட்டி பிள்ளைப்பேற்றுக்கு இந்தியாவில் ஊருக்குப் போய்த் தங்கிய காலத்தைக் காரணம் காட்டித் தாத்தாவின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம்.

பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லும் ரயிலில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறியது. அவர்கள் வன்னியைக் கண்டது மடு றோட்டுக்கும் முருங்கனுக்கும் இடையில் கோச்சி ஜன்னலால் மட்டும்.

வன்னிக்காரர் இந்தக் கதையில் யாழ்ப்பாணத்தாரை மட்டும் குறை சொல்வதும் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அமைச்சரவையில் இருந்த மற்றத் தமிழர் இருவரும் எங்கள் பக்கத்து உறுப்பினர்கள்தான். மன்னார் சி. சிற்றம்பலம், வவுனியா சி. சுந்தரலிங்கம். சிற்றம்பலம் அரசிலேயே இருந்தார். சுந்தரலிங்கம் டிசம்பர் 10 வாக்கெடுப்பில் சபையை விட்டு வெளிநடப்புச் செய்தார். பிரதமர் விளக்கம் கேட்க, அமைச்சுப் பதவியை விட்டார். இதை நான் சொன்னபோது மாமா உடனே கேட்டார்: "அதே சுந்தரலிங்கம் 1968இல மாவிட்டபுரத்தில என்ன செய்தவர்?" கேள்வி சரிதான். ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் கோயிலுக்குள் வரக்கூடாதென்று வாசலில் நின்று மறித்தவர் அவர். தோட்டத் தொழிலாளியின் வாக்குக்காக அமைச்சை விட்ட மனிதரால், சொந்த ஊர்ச் சனத்தைச் சாமி கும்பிட விட முடியவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். எங்கள் சனம் சிலைக்கு ஆள் தேடும்போது இப்படிப்பட்டவர்களால்தான் சிக்கல்.

போன தைப்பொங்கலுக்கு இந்தச் சண்டை வீடியோ கோலில் ரொறன்ரோ வரை போனது. கணவரின் தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணி, இப்ப இதெல்லாம் ஏன்? நாங்களே எங்களுக்குள்ள கிளறினா சிங்களவனுக்குத்தானே லாபம். ஜெனீவாவில இனப்படுகொலை எண்டு கதைக்கேக்க நீங்கள் ஜி.ஜி.யைக் கதைக்கிறியள். நாளைக்கு 1990ஐயும் எடுப்பியள்."

ஓம், எடுப்பேன் என்றேன். ஒக்டோபர் 1990இல் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வீட்டை விட்டுத் துரத்தியது இந்த மாவட்டங்களிலிருந்தும்தான். முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்கிற வாயால் இதையும் சொல்லக் கூடாதென்று யார் சட்டம் போட்டது? அவர் கோலை வெட்டவில்லை. ஆனால் ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது என்று கதையை மாற்றினார்.

அவரைவிட எனக்கு எரிச்சல் தருபவர்கள், என் பக்கம் என்று நினைத்துக்கொண்டு மேடையில் பேசுகிறவர்கள். "1948இல் மலையகத் தமிழனுக்கு நடந்தது, 1956இல் எங்களுக்கு நடந்தது, அன்றே நாங்கள் விழித்திருக்க வேண்டும்" என்பார்கள். கைதட்டும் விழும். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். 1956இல் அந்தத் தனிச் சிங்களச் சட்டம் வராமலே போயிருந்தால்? உங்களுக்கு ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால், என் தாத்தாவுக்கு நடந்தது சரியாகிவிடுமா? அவருக்கு நடந்தது உங்களுக்கு அடித்த எச்சரிக்கை மணி அல்ல. அது அவருக்கு நடந்தது.

அப்புறம், ஜி.ஜி.யையே திட்டிக்கொண்டிருப்பதில் எல்லாருக்கும் ஒரு வசதி இருக்கிறது. 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஜி.ஜி.யின் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்ததற்கு இந்த வாக்கெடுப்பும் முக்கியமான காரணம். சரி, 1952 தேர்தலில் எங்கள் வடக்கு, கிழக்குச் சனம் என்ன செய்தது? செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் நடேசனிடம் தோற்றார். தமிழரசுக்கு மொத்தம் இரண்டே ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். ஜி.ஜி. யாழ்ப்பாணத்தில் வென்றார். மலையகத்திலிருந்து 1947இல் வந்த உறுப்பினர்கள் இல்லாத சபை அது, அவர்களுக்கு வாக்களித்த சனத்தின் பெயர்தான் வாக்காளர் இடாப்பிலேயே இல்லையே. டிசம்பர் 10இல் என்ன நடந்ததென்று தெரிந்துகொண்டுதான் இங்கத்தை ஆட்கள் புள்ளடி போட்டார்கள். மாமா அப்போது சின்னப் பெடியன், அவருடைய அப்பா போட்டிருப்பார். ஜி.ஜி.யைக் காப்பாற்றுகிற மாமாவும், ஜி.ஜி.யை மட்டும் திட்டுகிற சித்தப்பாவும் அந்தப் புள்ளடிகளைத் தொடுவதே இல்லை.

இதைச் சொன்ன அன்றுதான் மாமா கோபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இப்பிடியெல்லாம் பிரிச்சுக் கதைக்கிறியே, அப்ப உன்ர அண்ணன் ஆருக்காகச் செத்தவன்?" அண்ணா 1998இல் கிளிநொச்சிச் சமரில் போனவர். கனகபுரம் மாவீரர் துயிலுமில்லத்தில் கல் இருந்தது, பிறகு ஆமி புல்டோசரால் கிளறிவிட்டது. மாமி குசினியிலிருந்து வந்து, "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியால் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்த அண்ணாதான், அப்படிக் கூப்பிட்டவர்களோடேயே சேர்ந்து இயக்கத்துக்குப் போனவர். எல்லாம் தெரிந்துதான் போனார். அவர் போனதால் நான் கேட்கக் கூடாதென்றால் எப்படி, அவர் போனதால்தான் கேட்கிறேன் என்றேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தார். இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பிடும்போது, தான் வேலை செய்த காலத்தில் பக்டரியில் மலையகத்து ஆள் எத்தனை பேர் நிரந்தர வேலையில் இருந்தார்கள் என்று தானே எண்ணத் தொடங்கினார். ஒரு கையிலேயே அடங்கிவிட்டது. "கூலிக்கு வந்தவை கனபேர்" என்றார். பிறகு, 1952 தேர்தலில் ஜி.ஜி. ஏன் வென்றார் என்பதற்குத் தன்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறதாம், சித்தப்பாவும் இருக்கும்போது சொல்கிறேன் என்றார். சித்தப்பாவை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன்.