ஒரே பிராட்பேண்ட், நாலு கணினி: ரெண்டு ரூட்டரால் வந்த தலைவலி

சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியின் வைஃபை பின்னறை வரை எட்டவில்லை. கணினியோ நாலு. கூடுதலாக ஒரு ரூட்டர் வாங்கிய பிறகு வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, "அப்படியே பெட்டியில செருகிடுங்க சார், தானா வேலை செய்யும்" என்றார்கள். செருகியதும் இணையம் வரத்தான் செய்தது. இணையம் வந்துவிடுவதால் பல வீடுகளில் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கோளாறு பிறகுதான் தலைகாட்டும்: பழைய பெட்டியில் மாட்டிய கணினிக்குப் பிரிண்டர் தெரியும், புது ரூட்டரில் உள்ள லேப்டாப்களுக்குத் தெரியாது. பகிர்ந்த ஃபோல்டர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும்.

பழைய பெட்டியும் ஒரு ரூட்டர்தான் என்பதை அந்த அழைப்பில் யாரும் சொல்லவில்லை. அது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. புது ரூட்டர் தனக்குப் பின்னால் 192.168.0 என்று வேறொரு வரிசையை நடத்துகிறது. பிரிண்டரைத் தேடும் அழைப்பு ரூட்டரைத் தாண்டிப் போகாது. வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்கும் இரண்டு இடத்தில் கதவு திறக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே 192.168.1.1 முகவரி அமைந்துவிட்டால் இன்னும் மோசம்: எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் இணையமே நின்றுவிடும். சில ரூட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாக வரிசையை மாற்றிக்கொள்ளும், எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, டீஃபால்ட் கேட்வே (Default Gateway, அந்தக் கணினி இணையத்துக்குப் போகும் ரூட்டரின் முகவரி) என்ற வரியைப் பாருங்கள். எல்லாக் கணினியிலும் அது ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் வீட்டில் இரண்டு ரூட்டர் ஓடுகிறது. முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து பதிலே வரவில்லை; கேபிளையும், கணினிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் டிஹெச்சிபி அமைப்பையும் பாருங்கள்.

வழி இரண்டு. எளிதானது, புது ரூட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது முகவரி பங்கிடாமல் இணைப்பை மட்டும் நீட்டித் தரும் கருவியாக ஆக்குவது. மெனுவில் அந்தப் பெயரிலேயே தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். இல்லாவிட்டால் கையால் செய்யும்போது எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் அதன் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பழைய பெட்டி பங்கிடும் எண்களுக்குள் அந்த 2 வரக் கூடாது. பிறகு புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வான் போர்ட்டிலிருந்து (இணையம் உள்ளே வரும் துளை) பிடுங்கி லேன் போர்ட்டில் (கணினிகளை மாட்டும் துளை) செருகுங்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் உங்கள் கணினிக்கு முகவரி கிடைக்காது. கையால் முகவரி கொடுத்துத்தான் மறுபடி உள்ளே போக முடியும். டிஹெச்சிபியை அணைக்காமல் லேன் போர்ட்டில் செருகினாலோ, இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். யார் முந்துகிறார்களோ அவர்கள் பேச்சை அந்தக் கணினி கேட்கும். காலையில் வேலை செய்த லேப்டாப் மாலையில் நின்றுபோவது இதனால்தான்.

பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். இங்கே போதவில்லை, ஏனென்றால் பழைய பெட்டியில் பதிவேற்ற வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியே இல்லை. அது ஏன் தேவை என்பதற்குப் பிறகு வருகிறேன். ஆகவே இரண்டாவது வழி: பழைய பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது இணையத்தைக் கடத்திவிட மட்டும் செய்யும் நிலைக்கு மாற்றி, ரூட்டர் வேலை முழுவதையும் புதியதிடம் ஒப்படைப்பது.

நேரமும் பொறுமையும் போனது இதில்தான். தொலைபேசியில் பேசுபவருக்குப் பிரிட்ஜ் என்றால் என்னவென்று தெரியவில்லை. "ஒருமுறை அணைச்சுப் போடுங்க" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில். "வைஃபை வரலை" என்ற ரீதியில் புகார் பதிவானால் ஆள் வந்து வைஃபையைப் பார்த்துவிட்டுப் போவார், விஷயம் நகராது. "ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும், பிபிபிஓஇ விவரம் வேண்டும்" என்று அதே சொற்களில் எழுத்தாகக் கொடுத்த பிறகுதான் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனது. ஓஎன்டி என்பது அந்த ஃபைபர் பெட்டி. பிபிபிஓஇ என்பது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையத்தில் நுழையும் முறை.

வந்தவர் பிரிட்ஜை மாற்றினார். ஆனால் பிபிபிஓஇ பாஸ்வேர்டு அவரிடம் இல்லை. அது இதுவரை பழைய பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக மறைந்திருந்தது. மாற்றியபோது அழிந்தும் போயிற்று. வீடு முழுக்க இணையம் போய், பாஸ்வேர்டை அலுவலகத்தில் மாற்றிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெட்டியில் கை வைக்கும் முன் பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் (நிறுவனத்தின் வலைப்பின்னலில் உங்கள் இணைப்பு ஓடும் பிரிவின் எண்) மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விலான் எண் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சில இணைப்புகளில் அது இல்லாமல் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ரூட்டர் "இணைகிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பல போர்ட் உள்ள பெட்டியில் எந்தப் போர்ட் பிரிட்ஜ் ஆனது என்றும் கேளுங்கள். சில நேரம் ஒன்றாம் போர்ட் மட்டும்தான்.

பிபிபிஓஇ இல்லாத இணைப்பென்றால் வேறொரு முட்டுக்கட்டை உண்டு. முதலில் மாட்டிய கருவியின் மேக் முகவரியை (கருவிக்கென உள்ள அடையாள எண்) சேவை நிறுவனத்தின் எதிர்முனை சில நேரம் நினைவில் வைத்திருக்கும். புது ரூட்டருக்கு முகவரி தராது. மோடத்தை, அதாவது நிறுவனத்தின் பெட்டியை, அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் ரூட்டர் மெனுவில் மேக் குளோன் செய்யுங்கள், அதாவது பழைய கருவியின் மேக் முகவரியைப் புது ரூட்டருக்குக் கொடுங்கள்.

இணையம் வந்த பிறகும் சில தளங்கள் திறந்தன, சில பாதியில் தொங்கின. இதையும் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்று முடித்துவிட்டார்கள். காரணம் எம்டியூ, அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தகவலின் உச்ச அளவு. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500க்குப் பதில் 1492தான் மிஞ்சும். ரூட்டரில் 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். சோதிக்க, பிங் கட்டளையில் (எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை) துண்டாக்கக் கூடாது என்ற தேர்வைச் சேர்த்து 1464 பைட் அனுப்புங்கள். பொட்டலத்தின் முன்னால் ஒட்டும் தலைப்புத் தகவலுக்கான 28 பைட் சேர்ந்து 1492 வரும். அது போய், 1465 போகாவிட்டால் கணக்கு சரி.

இனி கேபிள். மேசைக் கணினிகளுக்குக் கேட் 5இ ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு கணினியில் மட்டும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை என்றால் ரூட்டரைத் திட்டாதீர்கள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இரு முனையிலும் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் கம்பிகளை முனைச் செருகியில் அடியுங்கள். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அது சீக்கிரம் முறியும், வாங்கவே வேண்டாம்.

போர்ட் போதாமல் ஸ்விட்ச் வைத்தால் அது ரூட்டருக்குப் பின்னால்தான் வர வேண்டும். பிரிட்ஜ் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் வைத்துக் கணினிகளை மாட்டினால் பொதுவாக ஒன்றுக்கு மட்டும் இணையம் வரும். ஸ்விட்சிலிருந்து ரூட்டருக்கு இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகாது. தகவல் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு வலைப்பின்னலே உறைந்துவிடும்.

பதிவேற்றத்துக்கு வருவோம். ஒரு கணினி படங்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் மற்றதில் வீடியோ அழைப்பு வெட்டி வெட்டி வரும். வேகம் கூடிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். பதிவேற்றும் தகவல் மோடத்தின் வரிசையில் குவிந்து, அழைப்பின் சிறு பொட்டலங்கள் அதற்குப் பின்னால் நிற்பதுதான் கோளாறு. உறுதி செய்ய, ஒரு கணினியில் பதிவேற்றம் ஓடும்போது இன்னொன்றில் பிங் பாருங்கள். பதில் வரும் நேரம் பல மடங்கு ஏறினால் இதுதான். புது ரூட்டரில் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) என்ற, தகவல் வரிசையை ஒழுங்குபடுத்தும் பகுதியில், அளந்த பதிவேற்ற வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்ச வரம்பாகக் கொடுங்கள். கொடுத்த அன்றே அழைப்புகள் தெளிந்தன. பட்ட பாடெல்லாம் இதற்குத் தகும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸைப் பக்கத்து அறைகளுக்கு விடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ரூட்டர் மெனுவில் பேக்கப் எடுத்து ஒரு கணினியில் வையுங்கள். பழைய பெட்டியை யாராவது ரீசெட் செய்தால் பிரிட்ஜ் போய் அது மறுபடி ரூட்டராகிவிடும். அப்போது புது ரூட்டரின் வான் பக்கம் பிபிபிஓஇ இணையாது. அதைத் தானியங்கி முகவரிக்கு மாற்றிப் பார்த்தால் 192.168 என்று தொடங்கும் எண் வரும். வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து, பழைய புகார் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அணைத்துப் போடச் சொல்லும் கட்டத்தைத் தாண்டி நேராகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும்.